பனிக்கால வீதியும் வண்டியின் டயரும்

எவ்வளவு பெரிய மோட்டார் வண்டியாயினும், அது நிலத்தைத் தொடுவது நான்கு சிறிய இடங்களில் மாத்திரமே. ஒவ்வொரு சில்லின் கீழும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவான இறப்பர்ப் பரப்பு வீதியிற் படிகின்றது. வண்டியை ஓட்டுவது இயந்திரம், திருப்புவது சுக்கான், நிறுத்துவது பிறேக் என்று சொல்வது வழக்கம். உண்மையில் இம்மூன்றும் இடுகின்ற கட்டளைகளை நிறைவேற்றுவன அந்த நான்கு உள்ளங்கைகளே. அவை வீதியைப் பற்றிக்கொண்டிருக்கும்வரை வண்டி சாரதியின் சொற்கேட்டு நடக்கும். பிடி நழுவிய கணத்தில் சுக்கானைத் திருப்பினாலும் பிறேக்கை அழுத்தினாலும் பயனில்லை. வண்டி தன் வேகம் இழுத்த வழியே செல்லும்.

இலங்கைச் சாரதிகளுக்கு வெயில் வீதியும் மழை வீதியும் பழக்கமானவை. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிவதுண்டு; அதற்காக எவரும் வண்டியின் டயரை மாற்றுவதில்லை. ஆயின் இந்நாட்டிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர் இன்று கனடாவில் வாழ்கின்றனர். அவர்களுட் பலர் யாழ்ப்பாணத்து வீதிகளிலும் கொழும்பு வீதிகளிலும் வண்டி ஓட்டப் பழகியவர்கள். அங்கே ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி எழுகின்றது. வண்டிக்குப் பனிக்கால டயர் பூட்டவேண்டுமா? பூட்டுவதாயின் எந்த டயர்? அயலவர் ஒன்று சொல்வர். கடைக்காரர் வேறொன்று சொல்வர். விலை குறைந்ததை வாங்கினாற் போதும் என்பாரும் உளர். பணத்தைப் பற்றிய கேள்விபோலத் தோன்றினாலும், அதிகாலை வேலைக்குச் செல்பவரும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்பவரும் பத்திரமாக வீடு திரும்புவது இதன் விடையிலே தங்கியிருக்கின்றது.

இக்கேள்விக்கு ஒரே விடை எல்லார்க்கும் பொருந்தாமைக்குக் காரணம் உண்டு. பனிக்காலம் என்பது ஒரு சொல். பனிக்கால வீதி ஒன்றன்று. ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், ஓர் ஊரின் வீதி ஈரமாக இருக்கும். இன்னோர் ஊரின் வீதி கண்ணாடிபோல் உறைந்திருக்கும். மற்றோர் ஊரின் வீதியில் வெண்பனி முழங்காலளவு கிடக்கும். ஆகவே டயரைத் தெரிவதற்கு முன் வீதியைத் தெரிதல் வேண்டும்.

வீதியின் மேற்பரப்பு மாறும்போது எவ்வளவு வேறுபாடு ஏற்படுகின்றது என்பதை ஓர் எளிய கணக்கினால் அறியலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி, உலர்ந்த தார் வீதியிற் பிறேக் பிடித்தால் ஏறத்தாழ 14 மீற்றர் தூரத்தில் நிற்கும். இறுகிய வெண்பனியில் அதே வண்டி நிற்பதற்கு 40 முதல் 50 மீற்றர் வரை செல்லும். நீர் கசியும் பனிக்கட்டியிலோ 100 மீற்றர் வரை வழுக்கிச் செல்லக்கூடும். ஆபத்தைக் கண்டு சாரதியின் கால் பிறேக்கைச் சென்றடைவதற்கு ஒரு விநாடி பிடித்தால், அந்த விநாடியில் வண்டி ஓடும் 14 மீற்றரையும் இவற்றுடன் கூட்டுதல் வேண்டும். வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சந்தியில் ஒரு பாதசாரி வீதியைக் கடக்கும்போது, இந்த மீற்றர்களே அவருடைய உயிரைத் தீர்மானிக்கின்றன.

டயர் வீதியைப் பற்றிக்கொள்வது எவ்வாறு? தார் வீதி கண்ணுக்குச் சமமாகத் தோன்றினாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்தது. இறப்பர் மென்மையாக இருப்பதால் அம்மேடுபள்ளங்களுக்குள் அமிழ்ந்து, அவற்றின் வடிவத்தை ஏற்று, பிடித்துக்கொள்கின்றது. குளிர் கூடக்கூட இறப்பர் விறைக்கின்றது. மலைநாட்டுக் குளிரில் போத்தலிலுள்ள தேங்காயெண்ணெய் கட்டியாகி ஊற்ற மறுப்பதைக் கண்டவர்கள், ஒரு பொருளின் தன்மை வெப்பநிலையோடு எவ்வளவு மாறும் என்பதை அறிவர். இறப்பர் எண்ணெயைப்போலச் சட்டென உறைவதில்லை, படிப்படியாக இறுகும். கோடைக்கென ஆக்கப்பட்ட டயர் வெயிலில் உருகாமலும் தேயாமலும் இருக்கவேண்டுமாதலால், அதன் கலவை இயல்பாகவே இறுக்கமானது. குளிரில் அது மேலும் இறுகி, வீதியின் நுண்பள்ளங்களுள் இறங்காமல் மேலே வழுக்குகின்றது.

இதனாலேயே வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே நிலைத்து நிற்கத் தொடங்கியதும் பனிக்கால டயரைப் பூட்டவேண்டும் என்னும் விதி பல நாடுகளில் வழங்குகின்றது. இது இயற்கை வகுத்த எல்லைக்கோடன்று. அனுபவத்தாற் கொண்ட ஒரு வழிகாட்டி. ஆயினும் அதனுள் அடங்கியிருக்கும் கருத்து முக்கியமானது. வெண்பனி ஒரு துளியும் விழாத, உலர்ந்த, குளிர்ந்த வீதியிலும் கோடை டயர் தன் பிடியில் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றது. வானத்திலிருந்து பனி விழட்டும், பின்னர் மாற்றலாம் எனக் காத்திருப்பவர் முதல் ஆபத்தை ஏற்கெனவே கடந்துகொண்டிருக்கிறார்.

பனிக்கால டயரின் கலவை இக்குறையை நீக்குவதற்கென ஆக்கப்பட்டது. அதில் இயற்கை இறப்பருக்குச் சிறப்பான இடமுண்டு. தூய இயற்கை இறப்பர் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 70 பாகை வரை குளிர்ந்தாலன்றிக் கண்ணாடிபோல் உடையும் நிலையை அடைவதில்லை. பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்த விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, அக்கன்றுகளை 1876 ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பினர்; அவை கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. வெப்ப நாட்டில் மாத்திரம் வளரும் அம்மரத்தின் பால், உறைபனி நாட்டு வீதியில் உதவுவது வியப்புக்குரியதொன்று. இயற்கை இறப்பரோடு குளிரில் நெகிழுந் தன்மையுள்ள செயற்கை இறப்பர்களையும், ஈர வீதியிற் பிடியைக் கூட்டும் சிலிக்கா என்னும் நுண்துகளையும் சேர்த்துக் கலவை ஆக்கப்படுகின்றது. இக்கலவை குளிரில் மென்மையாக இருப்பதனாலேயே வெயிலில் மிக மென்மையாகிவிடும். கோடையிலும் அதனையே ஓட்டினால் விரைவில் தேயும். வண்டி நிற்கும் தூரமும் நீளும்.

கலவைக்கு அடுத்தது டயரின் மேற்பரப்பிலுள்ள வெட்டு. இங்கேதான் வீதியின் வகைகள் தனித்தனியாக வந்து நிற்கின்றன. வீதியில் நீர் நின்றால், அந்நீரை விலக்கி வெளியேற்ற அகன்ற தவாளிப்புகள் வேண்டும். பாதி உருகிய பனிச்சேறு நீரைப்போல் எளிதில் விலகுவதன்று. அதனை ஒதுக்கித் தள்ளுவதற்கு இன்னும் ஆழமான தவாளிப்புகள் தேவை. புதிதாக விழுந்த வெண்பனியின் தன்மை வேறு. அங்கே டயர் பனியை விலக்குவதில்லை. தன் தவாளிப்புகளுள் பிடித்து அடைத்துக்கொள்கின்றது. இறப்பர் பனியைப் பற்றுவதினும் பனி பனியை இறுகப் பற்றும். வெண்பனியை உருட்டி உருண்டை செய்யும் சிறுவர்க்கு இது தெரிந்த உண்மை. ஆகையால் பனிக்கால டயரின் தவாளிப்புகளில் வெண்பனி அடைந்திருத்தல் குற்றமன்று; அதன் வேலையே அது.

பனிக்கட்டி மற்றெல்லாவற்றிலும் கொடியது. அதில் அமிழ்வதற்கு மேடுபள்ளமும் இல்லை. அடைத்துக்கொள்வதற்குத் துகளும் இல்லை. அதன் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டாகி, டயருக்கும் கட்டிக்கும் இடையே எண்ணெய்போல் நின்றுவிடுகின்றது. இப்படலத்தை உறிஞ்சி அகற்றவும், பல நூறு கூரிய விளிம்புகளாற் கட்டியைச் சுரண்டிப் பிடிக்கவும் டயரின் இறப்பர்த் துண்டுகளில் மயிரிழைபோன்ற மெல்லிய கீற்றுகள் வெட்டப்பட்டுள்ளன. பனிக்கால டயரை உற்று நோக்கினால் இக்கீற்றுகளே முதலிற் கண்ணிற்படும்.

பனிக்கட்டியைப் பற்றிப் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. குளிர் கூடும்தோறும் பனிக்கட்டியின் வழுக்கல் கூடும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை இதற்கு மாறானது. உறைநிலைக்கு அண்மையில், பூச்சியத்துக்குக் கீழ் ஒன்றிரண்டு பாகையில் உள்ள பனிக்கட்டியே மிகவும் வழுக்கும். நீர்ப்படலம் அங்கேதான் தடித்திருக்கும். பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையில் அதே கட்டி வறண்டு, ஓரளவு பிடி கொடுக்கும். ஆகவே கடுங்குளிர் ஊரில் வாழ்பவர்க்கே சிறந்த டயர் வேண்டும், மிதமான குளிருள்ள ஊரில் எதுவும் போதும் என்னும் எண்ணம் பிழையானது. பகலில் உருகி இரவில் உறையும் ஊரின் காலைவேளை, எப்போதும் உறைந்தே கிடக்கும் ஊரின் காலைவேளையிலும் ஆபத்தானதாக இருக்கக்கூடும். தாரின் கருநிறம் ஊடே தெரியும்படி மெல்லியதாகப் படியும் கரும்பனி இவ்வாறான காலைகளுக்கே உரியது. பாலங்களின் மேல் அது முதலில் உண்டாகும். கீழிருந்து நிலத்தின் சூடு கிடையாமற் பாலம் விரைவில் குளிர்ந்துவிடுகின்றது.

கடையில் நிற்கும்போது இவையெல்லாவற்றையும் எவ்வாறு அறிவது? டயரின் பக்கச்சுவரில் உள்ள குறிகள் ஒரு பகுதியைச் சொல்லும். எம், எஸ் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் சேறு, வெண்பனி என்பவற்றைக் குறிப்பன. இக்குறி தவாளிப்பின் அமைப்பைப் பற்றியது மாத்திரமே. அதனைப் பொறிப்பதற்குப் பனியிற் சோதனை எதுவும் நடத்தவேண்டியதில்லை. வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வரும் நாற்பருவ டயர்கள் பலவற்றில் இக்குறி உண்டு. இதைக் கண்டு, தம் வண்டியில் ஏற்கெனவே பனிக்கால டயர் இருக்கிறதென நம்பி ஏமாறுவோர் பலர்.

மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனிப்பூவும் பொறித்த குறி வேறானது. வட அமெரிக்காவில் 1999 ஆம் ஆண்டில் அறிமுகமான இக்குறியைப் பெறுவதற்கு, ஓரளவு இறுகிய வெண்பனியில் அந்த டயரின் இழுப்புத்திறன் ஒப்பீட்டுக்கெனக் குறித்த டயரினும் குறைந்தது நூற்றுக்குப் பத்து வீதம் கூடுதலாக இருத்தல் வேண்டும். கியூபெக் மாகாணம் 2014 ஆம் ஆண்டு மார்கழி முதல் இக்குறியுள்ள டயரையோ ஆணி பதித்த டயரையோ மாத்திரம் பனிக்கால டயராக ஏற்கின்றது. ஜேர்மனியும் 2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் எம், எஸ் எழுத்துக்கள் மட்டுமுள்ள டயரை ஏற்பதில்லை. எனினும் மலைக்குறியும் முழு உண்மையைச் சொல்வதன்று. வட அமெரிக்கச் சோதனை, வெண்பனியில் வண்டி முன்னேறும் ஆற்றலை அளக்கின்றது. பனிக்கட்டியில் நிற்கும் ஆற்றலை அது அளப்பதில்லை. இக்குறைபாட்டை உணர்ந்தே ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஆம் ஆண்டு முதல் தன் டயர்ச் சீட்டில் பனிக்கட்டிப் பிடிக்கென வேறொரு குறியைச் சேர்த்தது.

குறிகளுக்கு அப்பால், டயர்களை அவற்றின் நோக்கத்தைக் கொண்டு நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது வகை ஆண்டு முழுவதும் ஓட்டத்தக்கதும் மலைக்குறி பெற்றதுமான சகலகால டயர். சாதாரண நாற்பருவ டயரினும் இது பனிக்கு ஏற்றது. முழுமையான பனிக்கால டயருக்கு ஈடானதன்று. இரண்டாவது வகை, மத்திய ஐரோப்பாவின் ஈரமான, விரைவான நெடுஞ்சாலைகளை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்ட பனிக்கால டயர். இதன் இறப்பர் சற்று இறுக்கமானது. குளிர்ந்த ஈர வீதியில் உறுதியாக நிற்கும். மூன்றாவது வகை, வடதேசத்துப் பனிக்கட்டிக்கென ஆக்கப்பட்ட மென்மையான டயர். கீற்றுகள் மிக நெருங்கியிருக்கும். பனிக்கட்டியில் இது வல்லது; ஆயின் குளிர் தணிந்த ஈர வீதியில் சற்றுத் தளர்ந்து குழையும். நான்காவது வகை உலோக ஆணிகள் பதித்த டயர். வழுவழுப்பான ஈரப் பனிக்கட்டியில் இதற்கு நிகர் வேறில்லை. உலர்ந்த தாரில் இரைச்சலும் குறைந்த பிடியும் உடையது.

இவ்வகைகள் எல்லாம் ஊர்களின் தேவையிலிருந்தே பிறந்தன. பின்லாந்தின் நொக்கியா ஊரில் இருந்த இறப்பர்த் தொழிற்சாலை 1934 ஆம் ஆண்டில் லொறிகளுக்கென ஒரு பனிக்கால டயரை ஆக்கியது. அக்காலத்தில் அந்நாட்டு வீதிகளின் வெண்பனி ஒழுங்காக அகற்றப்படுவதில்லை. ஆகவே குறுக்கே பருத்த கட்டைகள் போன்ற வெட்டுகளை அதற்கு அமைத்தனர். சிறிய வண்டிகளுக்கான ஹக்கப்பெலீட்டா என்னும் டயர் 1936 இல் வந்தது.

யப்பானின் அனுபவம் வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது. அங்கே ஆணி டயர்கள் பெருகியபோது, வெண்பனி நீங்கிய நாட்களில் அவை தார் வீதியை அரைத்துத் தூசியாக்கின. நகரங்களின் காற்று கெட்டது. 1990 ஆம் ஆண்டில் அதனைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. தூசி நீங்கிற்று, ஆனால் சப்போரோ நகரின் சந்திகளில் ஆணியில்லாத டயர்கள் நின்று நின்று புறப்பட்டு, வெண்பனியைக் கண்ணாடிபோல் மெருகேற்றிவிட்டன. வீதியைச் சுரண்டிய ஆணிகள், அதுவரை அப்பனிக்கட்டியையும் சுரண்டிக் கரடுமுரடாக வைத்திருந்தன என்பது அப்போதுதான் பலர்க்கும் புலப்பட்டது. டயர் வீதிக்கேற்ப மாறுவதுபோல் வீதியும் டயருக்கேற்ப மாறுகின்றது என்பதற்கு இது நல்ல சான்று. நோர்வேயின் ஒஸ்லோ நகரில், ஆணி டயரோடு நகர வீதியிற் செல்வோர் அதற்கெனத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதும் இக்காரணம்பற்றியே.

இனிக் கனடாவுக்கு மீளலாம். தமிழர் வாழும் நகரங்கள் சிலவற்றை எடுத்து நோக்கினால், முன் சொன்னவை யாவும் தெளிவாகும். மேற்குக் கரையிலுள்ள வன்கூவரில் தை மாதத்துச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு மேலேயே இருக்கும். அங்கே பனிக்காலம் என்பது பெரும்பாலும் மழைக்காலம். நகருக்குள் மட்டும் ஓடுபவர்க்கு மலைக்குறி பெற்ற சகலகால டயரோ, ஈர வீதிக்கான பனிக்கால டயரோ பொருந்தும். வடதேசப் பனிக்கட்டி டயர் அங்கே வீணே தேயும். ஆனால் அதே சாரதி நகரைவிட்டு மலைக் கணவாய்களின் வழியே கிழக்கே செல்வாராயின் நிலைமை முற்றாக மாறும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மலைப்பாதைகளில் ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் ஏப்பிரில் இறுதி வரை, 3.5 மில்லிமீற்றர் ஆழத்துக்குக் குறையாத பனிக்கால டயர் இருத்தல் வேண்டும் என்பது விதி. அங்கே சட்டம் எம், எஸ் எழுத்துக்களையும் ஏற்கின்றது. மலைப்பனி அவ்வெழுத்துக்களை மதிப்பதில்லை.

ரொறன்ரோ இடைப்பட்டது. அங்கே வெப்பநிலை உறைநிலையை மேலும் கீழுமாகப் பலமுறை கடந்து செல்லும். பெருந்தெருக்கள் விரைவாகச் சுத்தஞ் செய்யப்பட்டு உப்பிடப்படுகின்றன. உள்வீதிகளிற் பனி சில நாள் கிடக்கும். ஒரே பயணத்தில் ஒரு சாரதி ஈரம், பனிச்சேறு, கரும்பனி மூன்றையும் சந்திக்கக்கூடும். ஆணி டயர் ஒன்ராறியோவின் தென்பகுதியில் தடைசெய்யப்பட்டது, வடபகுதியில் அனுமதிக்கப்படுகின்றது. ஆகவே ரொறன்ரோவாசிகளுக்குரிய தெரிவு ஆணியில்லாப் பனிக்கால டயர்களுக்குள்ளேயே அமைகின்றது. ஒன்ராறியோவில் பனிக்கால டயர் பூட்டுதல் சட்டப்படி கட்டாயமன்று. எனினும் 2016 ஆம் ஆண்டு முதல், பூட்டுவோர்க்கு வண்டிக் காப்புறுதிக் கம்பனிகள் கட்டணக் கழிவு வழங்கவேண்டும் என அம்மாகாணம் விதித்துள்ளது. இதைக் கேட்டுப் பெறாதவர் பணத்தை வீணே விடுகிறார்.

மொன்றியல் ரொறன்ரோவினும் குளிர் மிக்கது; வெண்பனியும் மிகுதி. நகரின் சரிவான உள்வீதிகளில் பனி இறுகிக் கட்டியாகிவிடும். கியூபெக் மாகாணம் 2008 ஆம் ஆண்டிலேயே பனிக்கால டயரைக் கட்டாயமாக்கியது. 2019 முதல் மார்கழி மாதம் முதலாந் திகதி தொடக்கம் மார்ச் மாதம் 15 ஆந் திகதி வரை அவ்விதி நடைமுறையில் உள்ளது. அங்கே பனிக்கட்டிக்கென ஆக்கப்பட்ட மென்மையான டயரே பெரும்பாலோர்க்கு ஏற்றது. இன்னும் மேற்கே வினிபெக் போன்ற ஊர்களிற் குளிர் மிகக் கடுமையானது. வீதியிலிடும் உப்பு பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 10 பாகைக்கு அப்பால் திறனிழந்துவிடும். ஆகவே இறுகிய வெண்பனியின் மேலேயே வாரக்கணக்காக ஓடவேண்டி வரும். அங்கும் குளிரில் விறைக்காத மென்மையான கலவையே முதலில் வேண்டப்படுவது.

ஊர் ஒன்றாயினும் வாழ்க்கை ஒன்றாக இருப்பதில்லை. ரொறன்ரோவின் புறநகரில் அயல் வீடுகளில் வசிக்கும் இருவரை எண்ணிப்பார்க்கலாம். ஒருவர் காலை ஒன்பது மணிக்கு மேல், உப்பிட்டுத் துப்புரவாக்கிய பெருந்தெருவில் நாள்தோறும் நெடுந்தூரம் செல்கிறார். அவருக்கு ஈர வீதியில் உறுதியாக நிற்கும் பனிக்கால டயர் பொருந்தும். மற்றவர் அதிகாலை நான்கு மணிக்குத் தொழிற்சாலைக்குப் புறப்படுகிறார். உப்பு வண்டி அவர் வீதிக்கு இன்னும் வந்திருக்காது. முன்னிரவு உருகிய நீர் கட்டியாகியிருக்கும். அவருக்கு வேண்டியது பனிக்கட்டி டயர். இருவரும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒருவரைப் பார்த்து மற்றவர் ஒரே டயரை வாங்கினால், ஒருவராவது பிழையான டயரோடு வீடு செல்வார். தூரம் குறைவு, ஆகவே ஆபத்துக் குறைவு என்று இரண்டாமவர் எண்ணுதலும் பிழை. வீதி வழுக்குவது தூரத்தைப் பார்த்தன்று.

எந்த வகையைத் தெரிந்தாலும் சில விதிகள் பொதுவானவை. டயர்கள் நான்கையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். செலவைக் குறைக்க முன்சில்லுகள் இரண்டுக்கு மாத்திரம் பனிக்கால டயர் பூட்டுவோர் உளர். அப்போது முன்பகுதி வீதியைப் பற்றும், பின்பகுதி பற்றாது. வளைவிற் பிறேக் பிடித்ததும் வண்டியின் பின்புறம் சுழன்று முன்னே வந்துவிடும். நான்கு சில்லுக்கும் இயந்திரத்தின் விசை செல்லும் வண்டிகளுக்குப் பனிக்கால டயர் வேண்டியதில்லை என்பதும் பரவலான தவறு. அவ்வமைப்பு வண்டி புறப்படுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. நிற்கும்போது எல்லா வண்டிகளுக்கும் உள்ளவை அந்த நான்கு உள்ளங்கைகளே. சில்லு பூட்டிக்கொள்ளாமற் காக்கும் நவீன பிறேக் சாதனமும், இருக்கின்ற பிடியைச் சீராகப் பங்கிடுமேயன்றி இல்லாத பிடியை உண்டாக்கமாட்டாது.

அளவைப் பொறுத்தவரையில், வண்டி உற்பத்தியாளர் அனுமதித்த அளவுகளுள் சற்றே ஒடுங்கிய டயர் வெண்பனிக்கு நல்லது. அது பனியின்மேல் மிதவாமல் வெட்டிக்கொண்டு கீழிறங்கும். சுமை தாங்கும் எண் மாத்திரம் குறைதலாகாது. வாங்கும் முன் டயர் எப்போது ஆக்கப்பட்டது என்பதையும் பார்த்தல் வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் ஒருங்கே இருக்கும். 3523 என்றிருந்தால் 2023 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தில் ஆக்கப்பட்டது என்பது பொருள். பழைய இறப்பர் கடினமாகும். மலிவு விலைக்கு வரும் பழைய பனிக்கால டயரில் மென்மை போயிருக்கும், குறி மட்டும் மீந்திருக்கும். தவாளிப்பின் ஆழம் 4 மில்லிமீற்றரை அணுகிவிட்டால் அந்த டயர் வெண்பனிக்கு உதவாது.

காற்றழுத்தமும் குளிரோடு குறையும். 20 பாகை வெப்பமுள்ள கராஜில் சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் அழுத்தம் நிரப்பிய டயர், வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகைக் குளிரில் ஏறத்தாழ 27 இறாத்தலாகக் குறைந்துவிடும். துளை எதுவும் இல்லாமலே இவ்வாறு நிகழும். ஆதலால் மாதத்துக்கு ஒரு முறையேனும், வண்டி குளிர்ந்திருக்கும் காலைவேளையில் அழுத்தத்தை அளந்து நிரப்புதல் நன்று. சில்லுகளை மாற்றிய பின் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் அவற்றைப் பூட்டும் நட்டுக்களை மறுபடி இறுக்கிப் பார்த்தலும் வேண்டும். கழற்றிய டயர்களைக் குளிர்ந்த, இருண்ட, உலர்ந்த இடத்தில் வைத்தால் அவை அடுத்த பருவத்துக்கு உதவும்.

இரண்டு தொகுதி டயர் வாங்குவது வீண்செலவு என்னும் முறைப்பாடு எங்கும் கேட்கப்படுகின்றது. ஒரு தொகுதி ஓடும் மாதங்களில் மற்றத் தொகுதி தேயாமல் ஓய்ந்திருப்பதால், இரண்டும் கூடுதலான ஆண்டுகள் உழைக்கும். செலவு ஒரேயடியாக வருகின்றதேயன்றி, முழுவதும் மேலதிகமானதன்று. அதற்கும் இயலாதவர், மலைக்குறி பெற்ற சகலகால டயரையாவது பூட்டி, கடும்பனி நாளில் வண்டியை வீட்டில் விட்டுப் பொதுப் போக்குவரத்தை நாடலாம்.

ஆகவே கடைக்குச் செல்பவர் அங்கே கேட்கவேண்டிய முதற் கேள்வி, எந்த டயர் நல்லது என்பதன்று. தாம் புறப்படும் நேரத்தில் தம் வீதி எவ்வாறிருக்கும். அது சரிவானதா, சமமானதா. உப்பு வண்டி எப்போது வரும். சென்ற பனிக்காலத்தில் எத்தனை காலைகளில் நீரும் எத்தனை காலைகளிற் கட்டியும் அதில் இருந்தன என்பவற்றை முதலில் தமக்குத் தாமே கேட்டு, விடையைக் கடைக்காரரிடம் சொல்லவேண்டும். அவ்விடைக்கு ஏற்ற டயர் கிடைத்த பின்னும், பனிக்கட்டியில் மிகச் சிறந்த டயர் நிற்கும் தூரம், உலர்ந்த வீதியிற் சாதாரண டயர் நிற்கும் தூரத்தினும் பன்மடங்கு நீளமானது என்பதை மறத்தலாகாது. மணிக்கு 50 கிலோமீற்றரில் 100 மீற்றர் வழுக்கும் வண்டி, 30 கிலோமீற்றரில் ஏறத்தாழ 35 மீற்றரில் நின்றுவிடும். அந்த 65 மீற்றரை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. பத்து நிமிடம் முன்னதாக வீட்டைவிட்டுப் புறப்படுபவர்க்கு அது இனாமாகவே கிடைக்கும்.